வீட்டு எர்த்துக்கு உப்பு வேண்டும்... கார் எர்த்துக்கு உப்பே எமன்!

திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நாலாவது தெருவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் இரண்டு நாள், விடியற்காலை 5 மணிக்குப் பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். மகன் காரில் ஏறி சாவியைத் திருப்புகிறார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை.

"ரெண்டு நிமிஷம்மா... இப்ப எடுத்துடும்" என்கிறார் மகன். மறுபடியும் 'டிக்'. பின்சீட்டில் பாட்டி பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் ஆட்டோ பிடித்துத்தான் போகிறார்கள்.

அன்று மாலையே புது பேட்டரி வாங்கிப் போட்டாயிற்று. பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் மறுபடியும் 'டிக்'. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ரிப்பேர் செய்தார்கள். அதற்கும் ஒரு செலவு. இரண்டு வாரம் கழித்து அதே கதை.

மூன்றாவதாக வந்த வயதான எலெக்ட்ரீஷியன் எதையும் கழற்றவில்லை. பேட்டரி தட்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சார், பேட்டரி மேல தப்பு இல்ல. செல்ஃப் மேலயும் தப்பு இல்ல. கரன்ட் போகுது. திரும்பி வரத்தான் வழி இல்ல."

அவர் காட்டிய இடத்தில் ஒரு போல்ட். அதன் அடியில் கறுப்பு ஒயர். சுற்றிலும் பச்சையும் பழுப்புமாகக் களிம்பு. விரல் நுனி அளவு இடம். பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் ஆயிரக்கணக்கில் செலவு வைத்தது அதுதான்.

கடலோர ஊர்களில் இந்தக் கதை நடக்காத மெக்கானிக் ஷெட் இருக்காது. அந்த போல்ட்டின் பெயர் 'பாடி எர்த்'. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

பெயர் ஒன்று, வேலை வேறு

வீட்டில் எர்த் என்றால் நமக்குத் தெரியும். கொல்லைப்புறத்தில் குழி தோண்டி, கம்பியோ தகடோ புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடுவார்கள். கோடையில் மண் காய்ந்துவிடாமல் இருக்க ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. மிக்ஸியிலோ கிரைண்டரிலோ கசிவு ஏற்பட்டால் மின்சாரம் நம் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குள் இறங்க வேண்டும். அதற்கு ஈரமும் உப்பும் உதவி செய்கின்றன.

காரில் உள்ள எர்த்துக்கும் மண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கார் நிற்பதே ரப்பர் டயர் மேல்தான்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் மின்சாரம் விளக்கு, ஹாரன், வைப்பர் என்று போய் வேலை செய்துவிட்டு, மறுபடி நெகட்டிவ் முனைக்கு வந்து சேர வேண்டும். சுற்று முழுமையடைந்தால்தான் மின்சாரம் ஓடும். ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் என்று இழுத்தால் காரில் ஒயர் இரண்டு மடங்காகிவிடும். அதனால் வருவதற்கு ஒயருக்குப் பதில் காரின் இரும்பு உடம்பையே பயன்படுத்திக்கொண்டார்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை பாடியில் ஒரு போல்ட்டால் இணைத்துவிட்டால், உடம்பு முழுக்கத் திரும்பும் பாதை ஆகிவிடும். பின்விளக்கின் கறுப்பு ஒயரை டிக்கிக்குள் இருக்கும் இரும்பில் இணைத்தாலே போதும்.

எஞ்சினுக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். அதிர்வு தெரியாமல் இருக்க, எஞ்சினை ரப்பர் மவுன்ட் மேல்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். ரப்பர் வழியே மின்சாரம் போகாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் அல்லது எஞ்சினையும் பேட்டரியையும் இணைக்க, தடித்த கேபிளோ, சடை பின்னியது போன்ற செம்புப் பட்டையோ இருக்கும். செல்ஃப் மோட்டார் எஞ்சினோடு ஒட்டியிருப்பதால், அதன் மின்சாரம் முழுக்க இந்த ஒரு பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

ஆகவே, காரில் எர்த் என்பது பாதி சுற்று. அந்தப் பாதியைத் தாங்கி நிற்பவை, ஒரு காரில் அங்குமிங்குமாக இருக்கும் சில போல்ட்டுகள். வீட்டு எர்த்துக்கு நண்பர்களான ஈரமும் உப்பும், இந்த போல்ட்டுகளுக்கு எமன்கள்.

விரல் நுனி அளவு களிம்பு என்ன செய்துவிடும்?

கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். உள்ளே போகும் வாசல் எவ்வளவு அகலமாக இருந்தாலும், வெளியே வரும் வழி ஒற்றைக் கதவாக இருந்தால் கூட்டம் நகராது. மின்சாரமும் அப்படித்தான்.

சின்னக் கணக்கு ஒன்று. செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். எர்த் போல்ட்டில் களிம்பு ஏறி, ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டிருக்கிறது. 0.01 ஓம். கேட்டால் ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 150-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 1.5 வோல்ட். செல்ஃப் எடுக்கும் நேரத்தில் நல்ல பேட்டரியே 10 வோல்ட் பக்கம்தான் இறங்கி நிற்கும். அதில் 1.5 வோல்ட்டை இந்த போல்ட் விழுங்கிவிட்டால் மோட்டாருக்குக் கிடைப்பது 8.5 வோல்ட்தான். எஞ்சின் திணறும். களிம்பு இன்னும் கூடினால் வெறும் 'டிக்'.

விழுங்கிய மின்சாரம் எங்கே போகிறது? சூடாகிறது. 150 ஆம்பியரும் 1.5 வோல்ட்டும் சேர்ந்தால் 225 வாட். வீட்டில் மூன்று பழைய சீலிங் ஃபேன் ஓடும் மின்சாரம் ஒரு போல்ட்டின் அடியில் வெப்பமாகிறது. அந்தச் சூடு களிம்பை மேலும் வளர்க்கும்.

ஹெட்லைட் கதை இன்னும் முக்கியம். ஹாலஜன் பல்புக்குக் கிடைக்கும் வோல்ட்டில் 10 சதவீதம் குறைந்தால், வெளிச்சம் 10 சதவீதம் குறையாது. சுமார் 30 சதவீதம் குறையும். மழை இரவில் ஈ.சி.ஆர் சாலையில் எதிரே ஒருவர் சாலையைக் கடக்கும்போது, அந்த 30 சதவீதத்தின் மதிப்பு புரியும். 'கண் மங்கிப்போச்சு' என்று கண் டாக்டரிடம் போகும் முன், எர்த் மங்கியிருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

சரி, அந்த வீட்டில் புது பேட்டரி போட்டதும் பத்து நாள் எப்படி ஓடியது? இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முழு சார்ஜில் இருக்கும் புது பேட்டரி, அடைப்பையும் மீறிக் கொஞ்ச நாள் தள்ளிவிடும். பேட்டரி மாற்றும்போது கேபிளை அசைத்துத் திருகுவதால், களிம்பு கொஞ்சம் உரசிப் பளிச்சென்ற உலோகம் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும். நோய் போகாமல் காய்ச்சல் மட்டும் விட்ட கதைதான்.

கேட்காமலே முளைக்கும் குட்டி பேட்டரி

இத்தாலி விஞ்ஞானி வோல்டா 1800-ல் உலகுக்கு அறிவித்த முதல் பேட்டரியில் இருந்தவை மூன்று பொருட்கள்தான். ஒரு உலோகத் தகடு, வேறொரு உலோகத் தகடு, இரண்டுக்கும் நடுவே உப்புத்தண்ணீரில் நனைத்த அட்டை.

இப்போது எர்த் போல்ட்டைப் பாருங்கள். ஒயரின் முனையில் இருக்கும் லக், செம்பு. பாடி, இரும்பு. அதன் மேல் துத்தநாகப் பூச்சும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஈரமும் உப்பும் புகுந்தால் என்ன ஆகும்? அங்கே ஒரு குட்டி பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும். அந்த பேட்டரி ஓடுவதற்கு யாராவது கரைய வேண்டும். செம்பு கெட்டி. துத்தநாகமும் இரும்பும்தான் கரையும். துத்தநாகம் வெள்ளைப் பொடியாகும். இரும்பு துருவாகும். துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் ஒட்டியிருந்த இரண்டு உலோகங்களையும் உள்ளிருந்தே நெம்பிப் பிரிக்கும். போல்ட் இறுக்கமாக இருப்பதுபோலவே தெரியும். உள்ளே தொடுப்பு போயிருக்கும்.

செம்பும் சும்மா இருக்காது. மழை ஈரம் பட்டால் அதுவும் பச்சைக் களிம்பு பூக்கும். பூஜை அறைச் செம்பை நாலு வாரம் துலக்காமல் விட்டால் நடப்பதே ஒயரிலும் நடக்கிறது. ஒயரில் இன்னொரு தொல்லை. உள்ளே நிறைய மெல்லிய இழைகள் இருக்கும். திரி எண்ணெயை இழுப்பதுபோல, அவை தண்ணீரை பிளாஸ்டிக் உறைக்குள் இழுத்துக்கொள்ளும். வெளியே ஒயர் புதுசாகத் தெரியும். உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே கறுத்துப்போயிருக்கும்.

'மழையே பெய்யவில்லையே?' என்று கேட்கலாம். மழை தேவையில்லை. அடுக்களையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கடலோர ஊர்களில் பல நாள் விடியற்காலையில் காற்று அந்த நிலையில்தான் இருக்கிறது. கடற்காற்று கொண்டுவந்து போல்ட்டில் படியவிட்ட உப்பு, இரவு முழுக்க நனைந்து, பகலில் காய்ந்து, மறுபடி நனைகிறது. பெசன்ட் நகரில் ஜன்னல் கிரில் துருப்பிடிக்கும் அதே காரணம்தான்.

பாம்பன் பாலம் சொல்லும் பாடம்

இந்தப் பகையாளியின் பலம் தெரிய வேண்டும் என்றால் பாம்பனுக்குப் போக வேண்டும். 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தைக் கடல் உப்பு விடாமல் அரித்துக்கொண்டே இருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில், துருவுக்குப் பயந்தே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளையும் பாலிசிலாக்ஸேன் என்ற தனிப் பூச்சையும் பயன்படுத்தினார்கள்.

துருவை ஆராய்வதில் தமிழ்நாட்டுக்குப் பழைய பெயர் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். உலோகங்களைக் கடற்காற்றில் விட்டுச் சோதிக்க, பாம்பனுக்குப் பக்கத்திலேயே மண்டபத்தில் அதற்கு ஒரு மையம் இருக்கிறது.

பாலத்துக்கும் போல்ட்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான். உலோகத்தைச் சுத்தம் செய், ஈரத்தை உள்ளே விடாதே, வருடம் ஒரு முறை திரும்பிப் பார்.

கார் சொல்லும் அறிகுறிகள்

எர்த் கெட்டால் கார் சில வேடிக்கைகள் காட்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் கவனியுங்கள்.

இண்டிகேட்டர் போட்டால் பின்பக்கத்தின் வேறொரு விளக்கும் சேர்ந்து மினுக்கும். தன் எர்த் அடைபட்டதால், மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கிறது என்று பொருள்.

பிரேக் மிதித்தால் பின்விளக்கு பிரகாசமாவதற்குப் பதில் மங்கும்.

ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மஞ்சளாக எரியும். பல்பு மாற்றினாலும் அப்படியே இருக்கும்.

வைப்பர் சோம்பலாக நகரும். ஹாரன் தொண்டை கட்டியதுபோல் கத்தும்.

செல்ஃப் சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது. எஞ்சின் சூடானால் ஒரு மாதிரி, குளிர்ந்தால் ஒரு மாதிரி.

டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் வந்து வந்து போகும். சென்சார்கள் அனுப்பும் சிக்னல் மிகச் சிறியது. எர்த்தில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருந்தாலே கணக்குத் தப்பிவிடும்.

பழைய கார்களில் இன்னொன்று நடக்கும். எஞ்சின் எர்த் பட்டை அறுந்துபோனால், செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் கிளட்ச் கேபிள் அல்லது ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகி, உறை உருகிவிடும். கிளட்ச் கேபிள் காரணமில்லாமல் அடிக்கடி போகிறது என்றால், எர்த் பட்டையை முதலில் பாருங்கள்.

காசு கொடுக்கும் முன் இரண்டு சோதனை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். டி.சி. வோல்ட், 20 என்ற அளவில் வையுங்கள். கார் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி இருக்கட்டும். மீட்டர் ஒயர்களும் துப்பட்டாவும் ஃபேன், பெல்ட் பக்கம் போகக் கூடாது.

முதல் சோதனை: மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் குமிழில் வையுங்கள். கிளாம்ப்பில் அல்ல, ஈயக் குமிழிலேயே. சிவப்பு முனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வையுங்கள். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் பாதையில் அடைப்பு இருக்கிறது.

இரண்டாவது சோதனை: சிவப்பு முனையை இப்போது பாடியில், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வையுங்கள். ஹெட்லைட், ஏ.சி. ஃபேன் இரண்டையும் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இதே முறையில், மங்கலாக எரியும் விளக்கின் எர்த் முனையிலும் வைத்துப் பார்க்கலாம்.

'ஓம் வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தானே காட்டுகிறது' என்று சிலர் சொல்வார்கள். கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் ஓம் மீட்டர் நல்லது என்றுதான் சொல்லும். கூட்டம் வரும்போதுதான் கதவின் அகலம் தெரியும். அதனால்தான் மின்சாரம் ஓடும்போது வோல்ட் பார்க்கச் சொல்கிறோம்.

மீட்டர் பிடிக்கத் தயக்கம் என்றால் கவலையில்லை. ஷெட்டுக்குப் போய், "அண்ணே, பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி எர்த் டிராப் ஒரு தடவை பாத்துடுங்க" என்று சொன்னால் போதும். வேலை தெரிந்தவர் மதிப்போடு திரும்பிப் பார்ப்பார்.

சுத்தம் செய்வது எப்படி?

முதலில் பாதுகாப்பு. மோதிரம், வளையல், சங்கிலியைக் கழற்றி வையுங்கள். காரை அணைத்து, சாவியை வெளியே எடுங்கள். பேட்டரியில் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி பாடியில் பட்ட நொடியே தீப்பொறி பறக்கும்.

1. போல்ட்டைக் கழற்றுங்கள். துருவேறி இறுகியிருந்தால் துருநீக்கி அடித்து ஊற விடுங்கள். பலம் போட்டு முறித்துவிட வேண்டாம்.

2. லக்கின் இரண்டு பக்கமும், பாடியில் லக் உட்காரும் இடமும் பளிச்சென்று வரும்வரை உப்புத்தாளாலோ கம்பி பிரஷ்ஷாலோ தேயுங்கள். பெயரில் மட்டும்தான் உப்பு, தாள் நல்லது. லக் உட்காரும் வட்டத்துக்கு மட்டும் பெயின்ட்டை எடுங்கள். அதற்கு மேல் எடுத்தால் அங்கே புதுத் துருவுக்கு நீங்களே இடம் கொடுத்தது ஆகும்.

3. தூசியை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரம் துளியும் இருக்கக் கூடாது.

4. உலோகத்தோடு உலோகம் நேராகத் தொடும்படி வைத்து, ஸ்டார் வாஷர் இருந்தால் பழைய இடத்திலேயே போட்டு, நன்றாக இறுக்குங்கள். மழுங்கிய போல்ட், துருப்பிடித்த வாஷர் என்றால் புதிது போடுங்கள்.

5. இறுக்கி முடித்த பிறகு, மேலே கிரீஸோ வாசலினோ மெழுகு வகைத் துருத்தடுப்பு ஸ்பிரேயோ பூசுங்கள். போல்ட்டின் தலை, லக், சுற்றியுள்ள பாடி, ஒயர் நுழையும் வாய் எல்லாம் மூட வேண்டும்.

வரிசைதான் இதில் உயிர். முதலில் இறுக்கம், பிறகு பூச்சு. கிரீஸ் மின்சாரம் கடத்தாது. உலோகங்கள் அழுத்தித் தொட்டிருக்கும் இடத்தில் மெல்லிய கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அள்ளிப் பூசிவிட்டு அரைகுறையாக இறுக்கினால் அதுவே தடை. பூச்சின் வேலை மின்சாரத்தைக் கடத்துவது அல்ல. காற்றையும் தண்ணீரையும் வெளியே நிறுத்துவது.

ஒயரின் உள்ளே கறுத்திருந்தால் துடைத்துப் பயனில்லை. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது லக்கை கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூட வேண்டும். நீளம் போதவில்லை என்றால் கேபிளையே மாற்றுவதுதான் சரி.

இவற்றைச் செய்யாதீர்கள்

புளி, எலுமிச்சை, வினிகர் போட்டு எர்த் போல்ட்டைத் துலக்க வேண்டாம். குத்துவிளக்கைத் துலக்கியதும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடுகிறோம். போல்ட்டின் இடுக்கில் தங்கும் புளிப்பைக் கழுவி எடுக்க முடியாது. அது உள்ளே இருந்து அரிக்கும்.

காடி வாசனை அடிக்கும் சிலிகான் சீலன்ட்டால் மூட வேண்டாம். அது காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும். செம்புக்கு ஆகாது.

டபிள்யூ.டி-40 அடித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். 1953-ல் உருவான அது தண்ணீரை விரட்டுவதில் கெட்டி. ஆனால் விட்டுச் செல்லும் படலம் மெல்லியது. விரட்டிய பிறகு மூடுவதற்கு கிரீஸோ மெழுகோ வேண்டும்.

புது ஹாரன், ஃபாக் லைட் மாட்டும்போது கைக்கு எட்டிய ஏதோ ஒரு ஸ்க்ரூவில் எர்த் கொடுக்க விடாதீர்கள். பெயின்ட்டுக்கு மேல் திருகிய எர்த் ஒரு மழைக்குத் தாங்காது.

பானெட்டைத் திறந்து வைத்து, அழுத்தத் தண்ணீரால் எஞ்சினைக் கழுவுவது வேண்டாம். ஈரம் போகக் கூடாத இடுக்குக்கெல்லாம் போகும். அடிப்பாகத்தை மட்டும் நல்ல தண்ணீரால் கழுவலாம். கடற்கரைக்குப் போய் வந்தால் கட்டாயம் கழுவ வேண்டும்.

துருவைச் சுத்தம் செய்யாமல் அதன் மேலேயே அண்டர்பாடி கோட்டிங் அடித்தால், துரு உள்ளே பத்திரமாக வளரும்.

மின்சார கார், ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றிலும் 12 வோல்ட் சுற்றும் பாடி எர்த்தும் உண்டு. ஆனால் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் உயிரைப் பறிக்கும் வோல்ட் ஓடும். தொடவே கூடாது. மஞ்சள் கனெக்டர்கள் பெரும்பாலும் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றையும் தொட வேண்டாம். நெகட்டிவ் முனையில் சென்சார் பொருத்திய கார்களிலும், வாரன்டியில் இருக்கும் கார்களிலும் சர்வீஸ் சென்டரிலேயே சொல்லிச் செய்துகொள்வது நல்லது.

வெள்ளம் பார்த்த கார்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் சென்னை மறக்காது. தண்ணீர் வடிந்ததும் எஞ்சின் ஆயிலை மாற்றுவார்கள், சீட்டைக் காய வைப்பார்கள், காரும் ஓடத் தொடங்கும். விஷயம் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் பல கார்களில் எர்த் போல்ட்டுகள் கால் மிதிக்கும் தரையில், கார்ப்பெட்டுக்கு அடியிலும், கதவு ஓரத்து பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளேயும், டிக்கியில் பின்விளக்குக்குப் பின்னாலும் இருக்கின்றன. வெள்ளம் முதலில் தங்குவதும், கடைசியில் காய்வதும் அந்த இடங்கள்தான். களிம்பு நாள் எடுத்துத்தான் வளரும். வெள்ளத்துக்குப் பிறகு பல மாதம் கழித்து வரும் புரியாத மின்சாரக் கோளாறுகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முழங்கால் அளவுத் தண்ணீர் பார்த்த கார் என்றால், கார்ப்பெட்டைத் தூக்கி எல்லா எர்த் போல்ட்டையும் ஒரு முறை திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதே இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே போட்ட பாலிஷ் பொய் சொல்லும். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட் சொல்லாது.

இந்த வார வீட்டுப்பாடம்

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போதும். பானெட்டைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து கறுப்பு கேபிள் எங்கே போய் முடிகிறது என்று கண்ணால் தொடர்ந்து பாருங்கள். அந்த போல்ட்டில் பச்சை, வெள்ளை, பழுப்பு ஏதாவது பூத்திருக்கிறதா? எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் பட்டையில் இழைகள் அறுந்திருக்கின்றனவா? போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சர்வீஸில் அந்தப் படத்தைக் காட்டினால் சொல்ல வேண்டியதைப் பாதி சொன்ன மாதிரி. கடலோரம் இருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் வருடம் ஒரு முறை இதைச் செய்துவிட்டால் நல்லது. வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தில் படித்த மின்சுற்றை அவர்கள் நேரில் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

திருவான்மியூர் வீட்டுக்குத் திரும்புவோம். அந்த எலெக்ட்ரீஷியன் 10-ஆம் நம்பர் ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் வேலை செய்தார். கடைசியில் விரலால் கிரீஸை வழித்துப் பூசினார். "இப்ப அடிச்சுப் பாருங்க சார்" என்றார். முதல் திருப்பிலேயே எஞ்சின் உறுமியது.

"அப்ப அந்தப் பழைய பேட்டரி?" என்று மகன் இழுத்தார்.

"அது நல்ல பேட்டரிதான் சார். எக்ஸ்சேஞ்சுல போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார் அவர்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த பாட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ வியாழக்கிழமை ஆட்டோவுக்குச் சொல்ல வேண்டாம்" என்றார்.